தேய்ந்த கொம்பு

ஆப்பிரிக்கக் காட்டெருமையின் தலையை அளக்க ஒரு நாடாவும் இரண்டு நிமிடமும் போதும். இடது கொம்பு வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும் உச்சியிலிருந்து வலது கொம்பின் உச்சிவரை எத்தனை அங்குலம் என்று பார்ப்பார்கள். லண்டனில் ரோலண்ட் வார்ட் என்பவர் 1892இல் தொடங்கிய வேட்டைப் பதிவேட்டில் தென்னாப்பிரிக்கப் பகுதி எருமை இடம்பெற 42 அங்குலம் வேண்டும். வேட்டைக்காரர்களின் பேச்சு வழக்கில் 40 தான் கனவு எண். வேட்டை நூல்களையும் காட்டுயிர் ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கிய நாட்களில் எனக்கும் முதலில் பதிந்தது அந்த எண்தான். எந்த நாட்டுக்குப் போவது, எந்த மாதம் போவது, எந்தத் துப்பாக்கி எடுப்பது என்ற விவாதங்கள் எல்லாம் கடைசியில் அந்த நாற்பதில் போய் நின்றன. படித்தும் கேட்டும் பல ஆண்டுகள் போனபின் என் எண்ணம் முழுக்க வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. அது நகர்ந்த வழியை நினைவிலிருந்து எடுத்து வைக்கவே இதை எழுதுகிறேன். அங்குலத்தைக் கேட்கும் வேட்டை தவறான நிலத்தையும் தவறான விலங்கையும் தேடிப்போகிறது. வயதைக் கேட்கும் வேட்டைதான் சரியான இடத்துக்கும் சரியான முறைக்கும் போய்ச் சேர்கிறது. இதுதான் நான் சொல்ல வருவது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதைத் தீர்த்துவிடுகிறேன். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்பதைக் காட்டெருமை என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது உண்மையில் காட்டுமாடு, பசுவின் உறவு. அசாமின் சதுப்புகளில் இருக்கும் காட்டு நீரெருமை வேறு; நம் வீட்டு எருமைக்கு மூதாதை அது. ஆப்பிரிக்கக் காட்டெருமை இந்த இரண்டையும் சேராதது. அதை எந்தக் காலத்திலும் யாரும் கொட்டிலில் கட்டிப் பழக்கியதில்லை. வளர்ந்த காளை எழுநூறு கிலோவைச் சாதாரணமாக எட்டும். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதன் நெற்றி. இரு கொம்புகளின் அடிப்பகுதியும் நடுவில் வளர்ந்து நெருங்கி, கேடயம் போல ஒரு தகடாகிவிடுகின்றன. இளங்காளையின் நெற்றியில் இந்தத் தகடு மென்மையாக இருக்கும். நடுவே மயிர் முளைத்த தோல் தெரியும். ஏழெட்டு வயதில்தான் அது கல்லாக இறுகுகிறது. ஏறக்குறைய பத்து வயதைத் தாண்டிய காளைகள் பெருமந்தையை விட்டு விலகி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஆற்றோரங்களில் சேற்றில் புரண்டு காலம் தள்ளுகின்றன. உடம்பெல்லாம் சேறு அப்பியிருப்பதால் தென்னாப்பிரிக்க வேட்டைக்காரர்கள் இவற்றை ‘டாகா பாய்’ என்கிறார்கள். டாகா என்பது அந்தப் பக்கத்து மொழிகளிலிருந்து வந்த சொல். சேறு என்று பொருள்.

அங்குலம் ஏன் தவறான அளவுகோல் என்பதற்கு விடை இந்த வாழ்க்கை வரிசையிலேயே இருக்கிறது. கொம்பின் அகலம் காளையின் ஐந்தாறு வயதிலேயே ஏறக்குறைய முழுமையடைந்துவிடுகிறது. அதன்பின் நெற்றித் தகடு தடிக்கிறது, இறுகுகிறது, அகலம் கூடுவதில்லை. வயதாக ஆக, மண்ணைக் குத்தியும் மரத்தில் உரசியும் சண்டையிட்டும் கொம்பின் நுனிகள் மழுங்குகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் கிழட்டுக் காளையின் கொம்பு அதன் இளமையில் இருந்ததைவிடச் சிறுத்தே நிற்கும். ஆக, நாற்பது அங்குலத்தைத் தேடுகிற கண் எங்கே போய் நிற்கும்? கொம்பு முழுதாக விரிந்தும் நெற்றி இன்னும் இறுகாத இளங்காளையிடம்தான். அது இன்னும் பசுக்களோடு சேரவேண்டிய வயதை எட்டவேயில்லை. காளைகளில் இனப்பெருக்கத்தைப் பெரும்பாலும் நடத்துவது ஏழு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்டவை. அவற்றின் வரிசைக்கு அடுத்து வரவேண்டியதை, அதிலும் நல்ல கொம்புள்ளதை, முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிட்டால் மந்தையில் எஞ்சுவது குறுகிய கொம்புக் காளைகளின் வாரிசுகள். பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு தலைக்கும் பின்னால் இப்படி ஒரு இழப்பு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். இறுகிய நெற்றியும் நாற்பத்திரண்டு அங்குலமும் ஒன்றாக வாய்த்த முதிய காளைகளும் உண்டு. ஆனால் நாடா வைக்கும் பரிசு இழுக்கும் திசை இளமையை நோக்கியது. பரிசை வைத்துவிட்டு மனிதரின் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருப்பது சரியான ஏற்பாடு ஆகாது.

சிங்க வேட்டையில் இந்தப் பாடம் முன்பே கற்கப்பட்டுவிட்டது. கிரேக் பாக்கரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாறு வயதைக் கடந்த ஆண் சிங்கங்களை மட்டும் வேட்டையாடினால் கூட்டத்தின் எண்ணிக்கை பாதிக்கப்படாது என்று காட்டியது. இளைய ஆண் இறந்தால் புதிதாக வரும் ஆண் அதன் குட்டிகளைக் கொன்றுவிடும். முதியதன் குட்டிகளோ அதற்குள் வளர்ந்துவிட்டிருக்கும். மொசாம்பிக்கின் நியாசாவிலும் பின்னர் தான்சானியாவிலும் ஆறு வயது விதி வந்தது இந்த அடிப்படையில்தான். எருமைக்கு அதே விதியை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. எருமைக் காளை கன்றுகளைக் கொல்வதில்லை. ஆனாலும் வயதை விதியாக்கலாம் என்பதும், கொன்றபின் சரிபார்க்கலாம் என்பதும், தவறாகச் சுட்டவருக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்பதும் நடைமுறையில் நிரூபிக்கப்பட்டுவிட்டன. எருமையைப் பொறுத்தவரை என்னை உறுதிப்படுத்தியது வேறொரு ஆய்வு. தான்சானியாவின் மன்யாரா ஏரிக்கரையில் ஹெர்பர்ட் பிரின்ஸ் நெடுங்காலம் எருமைகளைக் கவனித்தார். மாலையில் மந்தை மேய்ச்சலுக்கு எழுமுன் பசுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஒரு திசையைப் பார்த்து நின்றுவிட்டு மறுபடி படுப்பதையும், கடைசியில் மந்தை பெரும்பாலான பசுக்கள் பார்த்த திசையிலேயே நடப்பதையும் அவர் பதிவு செய்தார். மந்தையின் வழியும் நினைவும் பசுக்களிடம் இருக்கின்றன. விலகிப்போன கிழட்டுக் காளை போய்விட்டால் மந்தை வழிதவறாது.

ஆனால் அதே பிரின்ஸின் கவனிப்பில் எனக்கு எதிரான ஒரு செய்தியும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நடுவயதுக் காளைகளும் மந்தையைவிட்டு வெளியே வருகின்றன. மந்தைக்குள் போட்டியிலும் காவலிலும் மேயக்கூட நேரமின்றி மெலிந்து, வெளியே வந்து தின்று உடம்பு தேற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போகின்றன. ஆகவே மந்தைக்கு வெளியே சேற்றில் கிடக்கும் காளை எல்லாம் கிழடு என்று எண்ணிச் சுட்டால், ஓய்வுக்கு வந்திருக்கும் தந்தையைச் சுட்டதாகிவிடும். இடத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது; உடம்பை வைத்துத்தான் சொல்லவேண்டும். அங்கேதான் அடுத்த ஆட்சேபம் எழுகிறது: புதரின் நிழலில் நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் கறுத்த உருவத்தில் வயதை யாரால் படிக்க முடியும்? படிப்பவர்கள் இருக்கிறார்கள். நெற்றித் தகட்டின் நடுவே மயிர் இல்லாமல் எலும்பு போல வெளிறியிருத்தல், கொம்பு நுனி மழுங்கியிருத்தல், முகத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிதல், காது கிழிந்திருத்தல், கழுத்துத் தோல் தொங்குதல், இடுப்பெலும்பு துருத்துதல் என்று அடையாளங்கள் பல. அவற்றில் எதுவும் தனித்து நம்பத்தக்கதல்ல. நாலைந்து சேர்ந்தால் தவறுவது அரிது. சந்தேகம் இருந்தால் சுடாமல் திரும்பவேண்டியதுதான். ஏழு நாள், பத்து நாள் கொடுத்து வந்த மனிதருக்கு அது கசக்கும். அந்தக் கசப்பை ஏற்கத் தயாராக இல்லாதவர் முதலிலேயே போகாமல் இருப்பது நல்லது.

அங்குலம் நிலத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கவேண்டும். அங்கே 1991இல் வந்த சட்டம், தகுந்த வேலி போட்ட நிலத்துக்காரருக்கு உள்ளே இருக்கும் காட்டுயிரைச் சொந்தமாக்கியது. ஆயிரக்கணக்கான மாட்டுப்பண்ணைகள் காட்டுயிர்ப் பண்ணைகளாயின. இதில் நன்மை உண்டு. மாடு மேய்ந்து மொட்டையான நிலங்களில் மான்கள் திரும்ப வந்தன. எருமையின் கதை மட்டும் வேறாகப் போயிற்று. குரூகர் பூங்காவின் எருமைகளில் கோமாரியும் காசநோயும் இருப்பதால், நோயற்றவை என்று சான்று பெற்ற எருமைகளுக்குத் தனி விலை பிறந்தது. அந்த விலையை ஏற்றியது கொம்பின் அகலம். 2012இல் ஒரு ஏலத்தில், பின்னாளில் அந்நாட்டின் அதிபரான சிரில் ராமபோசா ஒரு எருமைப் பசுவுக்கும் கன்றுக்கும் ஏறக்குறைய 2 கோடி ராண்ட் வரை கேட்டார். வறுமை மிகுந்த நாட்டில் அது தகாத செயல் என்று கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2016இல் ஹொரைசன் என்ற காளையின் கால் பங்கு மட்டும் 4.4 கோடி ராண்டுக்கு விற்றது. அதன் கொம்பு 55 அங்குலத்துக்கு மேல். காட்டில் சிங்கத்துக்கும் வறட்சிக்கும் தப்பிப் பிழைத்து வளர்ந்த கொம்பு அல்ல அது. பொலிகாளைப் பதிவேட்டைப் புரட்டி இணைசேர்த்து வளர்த்தது. அப்படி வளர்த்தவற்றின் வழித்தோன்றல்களைச் சில நூறு ஹெக்டேர் வேலிக்குள் விட்டு, வந்தவருக்கு அங்குலத்துக்கு ஏற்ற விலைப்பட்டியலை நீட்டும் இடங்கள் உண்டாயின. அதை நான் வேட்டையின் கணக்கில் சேர்ப்பதில்லை. தப்பிக்க இடமில்லாத விலங்கிடம் பொறுமையும் திறமையும் தேவையில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பணம் வளர்ப்பவருக்குப் போகிறது. எந்தக் காட்டையும் காடாக நிறுத்தி வைப்பதில்லை.

வேலி என்றாலே விலக்கு என்று நான் சொல்லவில்லை. ஜிம்பாப்வேயின் தெற்கில் புபி பள்ளத்தாக்கு என்ற பரப்பு மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், முன்பு மாட்டுப்பண்ணை. வேலி சுற்றிலும் இருந்தாலும் உள்ளே 1999இல் விட்ட சில சிங்கங்கள் பல நூறாகப் பெருகி, எருமையை அவையும் வேட்டையாடுகின்றன. அங்கே எருமைக்கு எருமையின் வாழ்க்கை இருக்கிறது. சிங்கம் இருக்கிறதா, எருமை ஒரே நாளில் மனிதனைவிட்டு ஓடிமறையக்கூடிய அளவு நிலம் இருக்கிறதா, அது அங்கேயே பிறந்ததா என்று கேட்டால் வேலியின் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும். ஆனாலும் என் மனம் முதலில் போவது வேலியே இல்லாத இடங்களுக்கு. ஜாம்பேசி ஆற்றின் தென்கரையில், மானா பூல்ஸ் பூங்காவுக்கு அருகிலுள்ள செவோரே பகுதி அத்தகையது. மானா பூல்ஸோடு சேர்த்து 1984இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. செட்சி ஈ கடிக்கும், மண் கொதிக்கும், புதர் முள்ளாக இருக்கும். அந்த ஈதான் பல தலைமுறைகளாக அங்கே மாட்டை நுழையவிடாமல் வைத்தது. தான்சானியாவின் செலூஸ் காடு இன்னொன்று. முதல் உலகப்போரில் 1917 ஜனவரியில் அங்கே பேஹோ பேஹோவில் இறந்த வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூஸின் பெயரைத் தாங்கிய அதன் பெரும்பகுதி 2019இல் நியரேரே தேசியப் பூங்காவாயிற்று. மீதி இன்னும் வேட்டைக்குரிய காடு. நமீபியாவின் வடகிழக்கு மூலையில் புவாப்வாட்டா பூங்காவில் குவே மக்களின் சங்கத்துக்கு வேட்டை வருவாயில் பங்கு உண்டு. தடம் பார்ப்பவர்களும் அவர்களே. ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பது மொசாம்பிக்கின் மரோமேயு. ஜாம்பேசி ஆறு கடலில் கலக்குமுன் விரிந்து கிடக்கும் புல்வெளிச் சதுப்பு அது. 1970களில் அங்கே எருமைகள் பல பத்தாயிரமாக இருந்தன. 1977இலிருந்து 1992வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறைச்சிக்காகக் கொன்று குவித்தார்கள். போர் முடிந்தபோது சில ஆயிரமே மிஞ்சின. சுற்றியிருந்த ‘கொட்டாடா’க்களை, அதாவது போர்ச்சுகீசியர் காலத்திலிருந்தே வேட்டைக்கென வகுத்த காடுகளை, வேட்டை நிறுவனங்கள் எடுத்தன. கண்ணி வைப்பவர்களைத் தடுக்கக் காவலர்களை வைத்தார்கள். அந்தக் காவலர்களின் சம்பளம் வேட்டைக்கு வந்தவர்களின் பணம். எருமைகள் இன்று மீண்டும் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. 2018இல் 24 சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எருமை வேட்டையை விற்று வாழும் ஒரு நிலத்துக்கு, எருமையைத் தின்னும் விலங்கும் திரும்பக் கொண்டுவரப்பட்டது. நான் படித்தவற்றில் என் பழைய முடிவுகளை மிகவும் அசைத்த செய்தி இதுதான். அங்கே ஒரு குறையும் உண்டு. சதுப்பில் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டியில் மந்தைக்கு அருகே போய் இறங்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆயிரம் எருமை நிற்கும் வெட்டவெளியில் ஒரு காளையைத் தேர்வது புதர்க்காட்டின் தடம் பின்தொடர்தலுக்கு ஈடாகாது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். நிலத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மரோமேயு, நடையையும் சேர்த்துப் பார்த்தால் ஜாம்பேசிக் கரை.

கொல்லாமலே காக்கலாமே என்பது எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபம். நெடுங்காலம் என் ஆட்சேபமும் அதுவே. படம் எடுக்க வருபவர் ஒரே எருமையை நூறு முறை பார்க்கிறார், எருமை சாகவில்லை, பணமும் வருகிறது. செரெங்கெட்டியிலும் மாராவிலும் இது உண்மை. ஆனால் படம் எடுக்க வருபவருக்கு விமானத்தளம் வேண்டும், சாலை வேண்டும், ஒரு காலைப்பொழுதில் யானையும் சிங்கமும் சிறுத்தையும் கண்ணில் படவேண்டும். செட்சி ஈ மொய்க்கும், பத்தடிக்கு அப்பால் பார்வை போகாத மியோம்போக் காட்டுக்கு அவர் வருவதில்லை. தெற்கு ஆப்பிரிக்காவில் வேட்டைக்கென வகுத்திருக்கும் நிலத்தில் பெரும்பங்கு அப்படிப்பட்டது. கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடை செய்தது. அதன்பின் 2016வரை அந்நாட்டின் பெரிய மேய்ச்சல் நிலங்களில் காட்டுயிர் எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் சரிந்தது என்று ஒகுட்டுவும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். தடைதான் இதற்குக் காரணம் என்று வேட்டை ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அது மிகையான வாதம். மக்கள்தொகைப் பெருக்கம், கால்நடை, வேலி, உழவு, வறட்சி எல்லாம் சேர்ந்த சரிவு அது. அந்தச் சரிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது சிறிய முடிவு ஒன்று: தடை மட்டும் காக்காது; நிலத்தில் வாழ்பவருக்கு அந்த விலங்கால் ஏதேனும் கிடைக்கவேண்டும். வேட்டையும் எல்லா இடத்திலும் அதைத் தருவதில்லை. தான்சானியாவில் வருவாய் போதாமல் வேட்டை நிறுவனங்கள் திருப்பிக் கொடுத்த தொகுதிகள் பல. படம் எடுப்பவர்கள் வரக்கூடிய இடத்தில் வேட்டை வேண்டாம் என்பதே என் நிலை. அவர்கள் வராத இடத்தில், வேட்டையும் போய்விட்டால் அடுத்து வருவது மாடும் மரக்கரியும் கண்ணிக் கம்பியும்.

கிடைக்கவேண்டியது கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. எருமை வேட்டைக்கு வருபவர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுக்கிறார். ஜிம்பாப்வேயில் 1989இல் கேம்ப்ஃபயர் என்ற திட்டம் தொடங்கியபோது, ஊர் எல்லைக்குள் நடக்கும் வேட்டையின் வருவாய் அந்த ஊருக்கே என்பது அதன் அடிப்படை. வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு வேட்டையிலிருந்து வந்தது. நடைமுறையில் மாவட்ட மன்றங்கள் பெரும்பங்கைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டன. பல ஊர்களில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்தது சில டாலர்கள். இதை மறுக்கமுடியாது. சோளக்கொல்லையை எருமை மிதித்த இரவில் அந்தச் சில டாலர் யாரையும் சமாதானப்படுத்தாது. நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, பங்கை மாவட்டத்துக்குக் கொடுக்காமல் ஊர்மக்களே பதிவுசெய்த அமைப்புக்கு நேராகக் கொடுத்தது. 1998இல் நான்காகத் தொடங்கியவை இன்று எண்பதுக்கு மேல். ஆகவே இடம் தேர்பவர் கேட்கவேண்டியதில் இதுவும் ஒன்று: என் பணம் எந்தக் கையைக் கடந்து எந்தக் கைக்குப் போகிறது? இறைச்சியையும் கேட்கவேண்டும். ஒரு காளையில் இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி இருக்கும். அது அன்றே ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், காசு கணக்கு எப்படி இருந்தாலும், குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் பயன் உடனே தெரியும்.

இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. இந்த வேட்டை முறை பேரரசுக் காலத்தில் பிறந்தது. தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்காப்பிரிக்காவில் இறங்கி, அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டார்கள். அதே காலத்தில் தலைமுறை தலைமுறையாக வில்லோடு வேட்டையாடிய உள்ளூர்க்காரர் சட்டத்தின் கண்ணில் திருடரானார். துப்பாக்கியும் பணமும் உள்ளவர் செய்தால் வேட்டை, இல்லாதவர் செய்தால் குற்றம் என்ற பிரிவு அன்று விழுந்தது, இன்னும் மறையவில்லை. நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஜிம் கார்பெட், இந்தியா விடுதலை பெற்றபின் கென்யாவின் நியேரிக்குக் குடிபெயர்ந்து 1955இல் அங்கேயே இறந்தார். இரு நிலங்களின் வேட்டை வரலாறும் ஒரே பேரரசின் வரலாறு. இந்தியா 1972இல் அந்தப் பக்கத்தை மூடியது. மக்கள் நெருக்கமான நம் நிலத்துக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் நிலத்துக்கு எடுக்கும் முடிவு வேறாக இருந்தால், போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் மறுபடி திறந்ததைப் போல, அதைத் தீர்மானிக்கவேண்டியது அங்கே எருமையோடு வாழ்பவர்கள். பழைய அநீதியை அது கழுவிவிடாது. தடம் பார்ப்பவருக்கு நில உரிமையும் பங்கும் உள்ள இடத்தைத் தேர்வது அந்த அநீதியைக் கொஞ்சமேனும் குறைக்கும் என்பதுவரை மட்டுமே என்னால் சொல்லமுடியும்.

இடம் முடிவானபின் முறை பெரும்பாலும் தானே முடிவாகிறது. கிழட்டுக் காளையை மந்தையில் தேடுவதில்லை. விடியலில் நீர்நிலையோரம் இரவுத் தடம் பார்ப்பார்கள். நடுவில் ஆழமாகப் பதிந்த, பெரிய, தனித்த குளம்புகள் இரண்டு மூன்று இருந்தால் அங்கிருந்து நடை. சாணத்தின் சூடு, மிதிபட்ட புல் நிமிர்ந்த அளவு, சாம்பல் பையைத் தட்டிப் பார்க்கும் காற்றின் திசை, இவை பேசும். சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் எட்டு மணி நேரம். பிடரியில் காற்று திரும்பினால் எல்லாம் வீண், மறுநாள் முதலிலிருந்து. வண்டியில் துரத்திச் சுடுவது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். ஹெமிங்வேயின் 1936ஆம் ஆண்டுக் கதையில் மக்கோம்பரின் எருமை வேட்டை காரில் துரத்தித்தான் தொடங்குகிறது, அது தெரிந்தால் தன் உரிமம் போய்விடும் என்று வழிகாட்டியே ஒப்புக்கொள்கிறார். அந்தக் கதையின் தார்மீகச் சரிவு அங்கே தொடங்குவதை நான் இளம் வயதில் கவனிக்கவில்லை. நடந்து, நாற்பதிலிருந்து எண்பது மீட்டருக்குள் நெருங்கி, முக்காலி போன்ற கழியில் துப்பாக்கியை நிறுத்தி, காளை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கவேண்டும். நெருங்கிய தூரம் வீரத்துக்காக அல்ல; நெற்றித் தகட்டின் நடுவில் மயிர் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

துப்பாக்கியைப் பற்றி வேட்டைக்காரர்கள் முடிவின்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் சொல்லக் கொஞ்சமே உண்டு. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போதுமானது; பல நாடுகளின் சட்டமும் அதையே கீழெல்லையாக வைக்கிறது. அதைவிடப் பெரிய .416, .470 ஆகியவை, அவற்றின் உதையைத் தாங்கிச் சரியாகச் சுடத் தெரிந்தவருக்கு மட்டும் மேலானவை. எருமையின் இதயமும் நுரையீரலும் நெஞ்சில் தாழ்வாக இருப்பதால் முன்னங்காலின் நேர்மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குண்டு போகவேண்டும். முழு உலோகக் குண்டு உடம்பைத் துளைத்துப் பின்னால் நிற்கும் பசுவையும் காயப்படுத்தக்கூடும் என்பதால் முதல் தோட்டா விரியும் குண்டாக இருப்பது நல்லது. காயத்தோடு ஓடிய காளையைப் புதருக்குள் பின்தொடர்ந்து முடிப்பது கட்டாயம். அது ஆபத்தான வேலை; ஆபத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் முன்னால் தலைகுனிந்து தடம் பார்த்து நடக்கும் உள்ளூர் மனிதர், துப்பாக்கி இல்லாதவர். பதற்றத்தில் விரலை அழுத்தும் ஒவ்வொருவரும் அவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஜிம்பாப்வேயில் தொழில்முறை வேட்டையாளர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, துப்பாக்கித் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, காட்டில் நேரடிச் சோதனை என்று அடுக்கடுக்காக வைத்திருப்பது இதனால்தான். இடம் தேர்பவர் அந்த உரிமத்தின் கடுமையையும் கணக்கில் எடுக்கலாம்.

வேட்டை ஒதுக்கீடு எருமைத் தொகையில் இரண்டு சதவீதம் அளவில் இருக்கவேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அந்த இரண்டும் கிழடுகளாக இருக்கின்றனவா என்பதை அலுவலகத்தில் இருந்து யாரும் அறியமுடியாது. கிழட்டுக் காளைகள் சிங்கத்தின் இரையும்கூட, தனியே நிற்பதால் அவற்றைத்தான் சிங்கங்கள் சூழ்கின்றன. எல்லாவற்றையும் மனிதன் எடுத்துவிட்டால் சிங்கம் பசுவின் பக்கம் திரும்பும். அதனால் எண்ணிக்கை, வயது இரண்டையும் ஆண்டுதோறும் சரிபார்க்க ஒரு வழி வேண்டும். வழி இருக்கிறது, அது கொம்பில் இல்லை, வாயில் இருக்கிறது. தலையைச் சுத்தம் செய்யும் கொட்டகையில் கீழ்த்தாடையைத் தனியே எடுத்து, முதல் கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இளங்காளையின் பல்லில் மேடும் பள்ளமும் கூர்மையாக நிற்கும்; பன்னிரண்டு வயதைக் கடந்ததில் அது ஈறோடு ஈறாக வழுவழுப்பாகியிருக்கும். இன்னும் ஓரிரு வறட்சிக் காலத்தில் அந்தப் பல்லால் புல்லை அரைக்க முடியாமல் போயிருக்கும். நல்ல முகாம்களில் இந்தத் தாடைகளைச் சுட்ட தேதியும் இடமும் எழுதி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எருமை வேட்டைக்கு இடம் தேடும் யாரேனும் என்னைக் கேட்டால், விலைப்பட்டியலையும் சுவரில் மாட்டிய தலைகளின் படங்களையும் ஒதுக்கிவிட்டு, போன பருவத்துத் தாடைகளைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன்.